ஓட்டுப்போட நான்கு வழிகள்: எதற்கு எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள்

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். சென்னையில் நான் முன்பு குடியிருந்த பகுதியின் பள்ளிக்கூடத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனேன். முதல் மேசையில் இருந்தவர் பட்டியலில் மேலும் கீழும் விரலை ஓட்டித் தேடிவிட்டு, "உங்க பேரு இல்லையே சார்" என்றார். வாக்காளர் அட்டையை நீட்டினேன். அட்டை சரியாகத்தான் இருந்தது. வீடு மாறிப் போனவர் என்று பட்டியலிலிருந்து பெயரைத்தான் எடுத்திருந்தார்கள். அன்று நான் ஓட்டுப்போடவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வழியில் ஓட்டுப்போட்டிருக்கிறோம். நான் இயந்திரத்தில், 87 வயது ஆச்சி வீட்டுத் திண்ணையில், பள்ளி ஆசிரியையான அக்கா தபாலிலும் பணிச் சான்றிதழிலும், அம்மா ஊராட்சித் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்தி. ஒவ்வொரு வழியிலும் ஏதோ ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டோம். பெரும்பாலும் அது ஓட்டுப்போடும் நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துபோன ஒரு தேதியாக இருந்தது. முதல் முறை ஓட்டுப்போடுகிறவர்களும் புதிதாக வீடு மாறியவர்களும் அப்படிச் சிக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. அட்டையைப் பார்க்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள்

வாக்காளர் அட்டை நீங்கள் யார் என்று காட்டும், அவ்வளவுதான். ஓட்டுரிமை பட்டியலில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வரும். இணையம் சரிவராதவர்கள் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிவத்திலும் கேட்பார்கள்.

போன தேர்தலில் ஓட்டுப்போட்டேனே, பெயர் எங்கே போகப்போகிறது என்று இருந்துவிடாதீர்கள். 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் வைத்திருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்தால்தான் தெரியும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அட்டை எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஒருவர் பெயர் இருந்து மற்றவர் பெயர் இல்லாமல் போவது உண்டு.

2. படிவம் 6-ஆ, படிவம் 8-ஆ

நான் பார்த்தவரை அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் படிவம் 6. புதிதாக 18 வயது ஆனவர்களுக்கும், என்னைப்போல் நீக்கப்பட்டவர்களுக்கும் இதுதான். பெயர் வேறு ஊரிலோ பழைய முகவரியிலோ இருக்கிறது, அதை இங்கே மாற்ற வேண்டும் என்றால் படிவம் 8. பெயர், வயது, புகைப்படம் திருத்தவும், அட்டை தொலைந்தால் மாற்று அட்டை வாங்கவும், மாற்றுத்திறனாளி என்று குறிக்கவும் அதே 8தான். 2022 ஆகஸ்டுக்கு முன்பு வேறு தொகுதிக்கு மாறினால் படிவம் 6 கொடுக்கவேண்டியிருந்தது. அந்த நினைவில் இன்னும் சிலர் 6-ஐ நிரப்பச் சொல்கிறார்கள். கேட்காதீர்கள். ஊரில் பெயர் இருக்கும்போது இங்கே 6 கொடுத்தால் இரட்டைப் பதிவு ஆகிவிடும். எங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதிமொழி கொடுத்ததாகவும் ஆகும். அதற்குச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு.

18 வயது ஆகிறவர்கள் ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

முகவரிச் சான்றுக்கு ஆதார், பாஸ்போர்ட், வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், ஓராண்டாவது ஆன மின்சார, தண்ணீர் அல்லது எரிவாயு இணைப்பின் ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று போதும். "பதிவு செய்த" என்பதைக் கவனியுங்கள். நம்மில் பெரும்பாலோர் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் ஒப்பந்தம் இந்தக் கணக்கில் வராது. நான் அதைத்தான் முதலில் ஏற்றினேன், நிராகரித்துவிட்டார்கள். பிறகு ஆதாரில் முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி விண்ணப்பித்தேன். அதனால் வீடு மாறியதும் முதலில் ஆதார் அல்லது பாஸ்புக் முகவரியை மாற்றுங்கள், அப்புறம் படிவத்துக்கு வாருங்கள். எந்தச் சான்றும் இல்லாதவர்களின் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நேரில் வந்து விசாரிப்பது கட்டாயம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. நான் தெரியாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் 150 ரூபாய் கொடுத்தேன். போனிலேயே 20 நிமிடத்தில் முடிகிற வேலை அது. சான்றின் படத்தைத் தெளிவாக எடுத்து வைத்துக்கொண்டால் போதும். இணையம் வேண்டாம் என்றால் உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ தாளில் கொடுக்கலாம். சனி, ஞாயிறுகளில் பள்ளிகளில் நடக்கும் சிறப்பு முகாமில் கொடுப்பது இன்னும் நல்லது, சந்தேகத்தைக் கேட்க ஆள் இருக்கும்.

ஒப்புகை எண் வரும், அதைத் தொலைக்காதீர்கள். அலுவலர் வீடு தேடி வரும்போது யாராவது இருக்க வேண்டும். எனக்கு அவர் பகலில் போன் செய்தார். வேலை நேரம், தெரியாத எண் என்று நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டுப் பேசி, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்தேன். எல்லாம் முடிந்து பட்டியலில் பெயர் வர 26 நாள் ஆனது.

தேர்தல் அறிவித்த பிறகும் சில நாள் அவகாசம் உண்டு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்களை எடுத்துக்கொள்வார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். அந்த நேரத்தில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். நிராகரிப்பு வந்தால் திருத்திக் கொடுக்க நாள் இருக்காது.

3. உங்களுக்கு எந்த வழி?

சாதாரணமாக எல்லோருக்கும் வாக்குச்சாவடிதான். தபால் ஓட்டைப் பற்றி என்னிடம் கேட்கிற பத்தில் எட்டுப் பேர் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அது கிடையாது. பெங்களூரில் ஐடி வேலையில் இருந்தபடி சங்கரன்கோவிலில் ஓட்டுப்போட இன்றைக்கு வழி இல்லை. ஊருக்குப் போக வேண்டும், அல்லது படிவம் 8 கொடுத்து இருக்கும் ஊருக்குப் பெயரை மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப்போட அவர்களும் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில்தான் வர வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. வாக்குப்பதிவு நாளில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாது. தேதி அறிவித்த அன்றே ரயில் டிக்கெட்டைப் பாருங்கள்.

தபால் ஓட்டு, வீட்டு ஓட்டு யாருக்கு என்றால்: தேர்தல் பணியில் இருப்பவர்கள், ராணுவம் முதலான பணியில் இருப்பவர்கள், 85 வயதுக்கு மேற்பட்டவர்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகள், அன்று வேலையை விட்டு வர முடியாதவர்கள் என்று ஆணையம் அறிவிக்கும் சில அத்தியாவசியப் பணியாளர்கள்.

4. வீட்டிலிருந்தே ஓட்டு: படிவம் 12டி

ஆச்சிக்கு முட்டி மடங்காது. 2024 மக்களவைத் தேர்தலில் அவருக்கு வீட்டிலேயே ஓட்டு என்று முடிவு செய்தோம். இதற்கான அவகாசம் மிகக் குறைவு. தேர்தல் அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து ஐந்தே நாள். அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, அறிவிக்கை மார்ச் 20. அதாவது ஊரில் பிரச்சாரம் சூடு பிடிப்பதற்குள் இந்தப் படிவத்தின் காலம் முடிந்துவிட்டது. அறிவிக்கை நாள் வேறு, தேர்தல் தேதியை டிவியில் அறிவிக்கிற நாள் வேறு. அறிவிப்பு வந்ததும் அட்டவணையில் அறிவிக்கை நாளைத் தேடி வட்டம் போடுங்கள்.

படிவத்தை அலுவலரே வீட்டுக்குக் கொண்டு வருவார். ஆனால் அவர் வருவது பட்டியலில் இருக்கும் வயதைப் பார்த்து. ஆச்சியின் வயது பட்டியலில் 79 என்று இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு யாரோ குத்துமதிப்பாக எழுதியது. நல்லவேளையாக டிசம்பரிலேயே அக்கா கவனித்து, படிவம் 8-ல் ஆதாரைக் காட்டித் திருத்தியிருந்தாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வயதைப் பட்டியலில் இன்றைக்கே பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் என்றால் அரசு தந்த ஊனச் சான்றிதழின் நகலைப் படிவத்தோடு இணைக்க வேண்டும்.

ஒன்றை நன்றாக யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 12டி ஏற்கப்பட்டால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் அங்கே ஓட்டு கிடையாது. நடக்க முடிகிற, சாவடிக்குப் போவதையே பெருமையாக நினைக்கிற பெரியவர்களைக் கேட்காமல் நீங்களாக விண்ணப்பிக்காதீர்கள்.

வருகிற நாளையும் நேரத்தையும் முன்பே சொல்வார்கள். அந்த நேரத்தில் வாக்காளர் வீட்டில் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள். அதற்கு மேல் வாய்ப்பு இல்லை. ஆஸ்பத்திரி, கோயில் எதுவானாலும் அந்த இரண்டு நாட்களில் வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கிற ஒரு தம்பி என்று வந்தார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்றார்கள். திண்ணையில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் அட்டை மறைப்பு வைத்தார்கள். ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து, "அந்தப் பக்கம் திரும்புங்கல" என்றார். திரும்பினோம். வீடியோ எடுத்த தம்பியும் கேமராவைத் திருப்பிக்கொண்டார். பேனா நடுங்கியதால் குறி போட நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சீட்டை மடித்து உறையில் வைத்து ஒட்டி, உறுதிமொழித் தாளில் ஆச்சி கையெழுத்துப் போட்டதும் எல்லாவற்றையும் பெரிய உறையில் வைத்துப் பெட்டிக்குள் போட்டார்கள்.

ஒரே ஒரு வேட்பாளருக்கு நேரே மட்டும் குறி இருக்க வேண்டும். சீட்டில் பெயரோ கையெழுத்தோ கைநாட்டோ வந்துவிடக்கூடாது, வந்தால் ஓட்டு செல்லாது. கையெழுத்து உறுதிமொழித் தாளில்தான். இதைப் பெரியவர்களுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, எந்தத் தாளைக் கொடுத்தாலும் போடப் பார்க்கும்.

5. தேர்தல் பணிக்குப் போகிறவர்கள்

ஆசிரியர்கள், அரசு ஊழியர்களுக்கு இரண்டு வழி. பணி செய்யும் சாவடி உங்கள் தொகுதிக்குள்ளேயே இருந்தால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்றிதழ் வாங்கலாம். அதைக் காட்டிப் பணி செய்யும் சாவடியிலேயே இயந்திரத்தில் ஓட்டுப்போடலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டு.

சட்டமன்றத் தேர்தலில் தொகுதி என்றால் சட்டமன்றத் தொகுதி. மக்களவைத் தேர்தலில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த மக்களவைத் தொகுதி. அக்காவுக்கு 2021-ல் பக்கத்துச் சட்டமன்றத் தொகுதியில் பணி வந்தது, அதனால் தபால் ஓட்டு. 2024-ல் அதே ஊரில் பணி. ஆனால் இரண்டும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருந்ததால் பணிச் சான்றிதழ் கிடைத்தது. போன தடவை தபால் என்பதால் இந்தத் தடவையும் 12-ஐ நிரப்பிய சிலர் முதல் பயிற்சி வகுப்பிலேயே திருத்தவேண்டியிருந்தது. கிடைக்கும்போது பணிச் சான்றிதழையே வாங்குங்கள் என்பது என் கருத்து. உறை, கையொப்பம் என்ற தொல்லையே இல்லை.

படிவத்தை முதல் பயிற்சி வகுப்பிலேயே கேட்பார்கள். பணி ஆணையின் நகல், வாக்காளர் அட்டை நகல், பாகம் எண், வரிசை எண் எல்லாம் கையில் இருக்கட்டும். அங்கே ஜெராக்ஸ் கடையைத் தேடி ஓட முடியாது.

தபால் ஓட்டில் மூன்று சமாச்சாரம். வாக்குச்சீட்டு சின்ன உறைக்குள் போகும், அது 13பி. உறுதிமொழித் தாள் 13ஏ. சின்ன உறையும் உறுதிமொழித் தாளும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் போகும், அது 13சி. உறுதிமொழித் தாளை வாக்குச்சீட்டோடு சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. எண்ணும்போது பெரிய உறையைத் திறந்ததும் முதலில் 13ஏ-வைத்தான் தேடுவார்கள். அது இல்லை என்றாலும், சான்றொப்பம் இல்லை என்றாலும், அதில் எழுதிய வாக்குச்சீட்டு எண்ணும் சின்ன உறை மேல் இருக்கும் எண்ணும் வேறுபட்டாலும் சின்ன உறையைத் திறக்காமலே தள்ளிவிடுவார்கள். ஒட்டுவதற்கு முன் மூன்றையும் மேசையில் பரப்பி, எண்ணை இரண்டு முறை பாருங்கள்.

2023-ல் விதியைத் திருத்தியதிலிருந்து தேர்தல் பணியில் இருப்பவர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அனுப்ப முடியாது. வாக்காளர் உதவி மையத்திலேயே போட வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்த மையம் இருக்கும், சான்றொப்பம் இடும் அதிகாரியும் அங்கேயே இருப்பார். மையம் எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்பதைப் பயிற்சியின்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

6. வாக்குச்சாவடியில் இயந்திரம்

பூத் சிலிப் அடையாளச் சான்று ஆகாது. எந்த அறை, எந்த வரிசை என்று பார்க்கத்தான் அது. வாக்காளர் அட்டை இல்லை என்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போன்றவற்றில் ஒன்றின் அசல் வேண்டும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. 2024-ல் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா ஸ்மார்ட் கார்டை மட்டும் கொண்டு வந்து, வெயிலில் திரும்பப் போய் ஆதாரை எடுத்து வந்தார். வாக்காளர் அட்டை பழைய ஊர் முகவரியில் இருந்தாலும் பரவாயில்லை, இந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் அது செல்லும்.

செல்போனில் இருக்கிற ஆதாரை நம்பிப் போகாதீர்கள். போனை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் வைத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யும்படி 2025-ல் ஆணையம் சொல்லியிருக்கிறது. நான் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன்.

உள்ளே மூன்று மேசை. முதலாவதில் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். இரண்டாவதில் இடது ஆள்காட்டி விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து, ஒரு துண்டுச் சீட்டு. மூன்றாவதில் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியை அழுத்துவார்கள். மறைப்புக்குள் போனதும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால்தான் இயந்திரம் உங்களுக்காகத் தயார். சின்னத்துக்கு எதிரே இருக்கும் நீலப் பொத்தானை நன்றாக அழுத்துங்கள். சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் வேட்பாளரின் எண், பெயர், சின்னத்தோடு ஒரு தாள் ஏழு விநாடி தெரியும், அப்புறம் அறுந்து உள்ளே விழும். நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்கும். முதல் முறை நான் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்ததில் தாளைக் கவனிக்கவில்லை. அழுத்தியதும் கண் கண்ணாடிக்குப் போக வேண்டும். பீப் சத்தம் கேட்காமல் வெளியே வராதீர்கள், அங்கே நின்றபடியே தலைமை அலுவலரைக் கூப்பிடுங்கள்.

ஒரு பெட்டியில் 16 வரிசைதான். வேட்பாளர்கள் அதிகம் என்றால் இரண்டு மூன்று பெட்டிகள் வரிசையாக இருக்கும். உங்கள் வேட்பாளரின் எண்ணை முன்பே தெரிந்துகொண்டு போனால் தேட வேண்டாம். நோட்டா கடைசிப் பெட்டியின் கடைசியில்.

பார்வை இல்லாதவர்களும் தனியே செய்ய முடியாதவர்களும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணை போக முடியும். தாத்தா, பாட்டி இருவருக்கும் உதவி வேண்டும் என்றால் இரண்டு பேர் போங்கள்.

முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும், எவ்வளவு நேரம் ஆனாலும் ஓட்டு உண்டு. கடைசியில் நிற்பவரிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டு வருவார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் கிளம்பிவிடாதீர்கள்.

7. உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால்

நண்பர் ஒருவருக்கு 2024-ல் இது நடந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. மேசையில் இருந்தவர், "போட்டாச்சே, கிளம்புங்க" என்றார். கிளம்பக்கூடாது. நேராகத் தலைமை அலுவலரிடம் போய், 49P விதிப்படி டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். இது 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. அவர் அடையாளத்தைப் பார்ப்பார், சில கேள்விகள் கேட்பார். திருப்தி ஆனால் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சடித்த வாக்குச்சீட்டு தருவார். முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுக்க வேண்டும். அது தனி உறையில் போகும், இயந்திரத்தில் சேராது. வழக்கமான எண்ணிக்கையிலும் அதை எண்ணமாட்டார்கள். ஆனால் முடிவு கோர்ட்டுக்குப் போனால் அந்தச் சீட்டு சாட்சியாக நிற்கும். நண்பர் 40 நிமிடம் காத்திருந்து அதைப் போட்டுவிட்டுத்தான் வந்தார். அவர் செய்தது சரி.

பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு இந்த வழி பொருந்தாது. பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அது பொய். சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று சாவடியில் இருக்கும் வேட்பாளரின் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது.

அழுத்தியது ஒன்று, தாளில் வந்தது ஒன்று என்று பட்டால் எழுத்து மூலம் சொல்லலாம். ஏஜென்ட்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள். புகார் பொய் என்று தெரிந்தால் வழக்கு வரும் என்பதால், உறுதியாகப் பார்த்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

8. ஊராட்சித் தேர்தலில் காகிதச் சீட்டு

கிராமப்புற உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அங்கே இயந்திரம் இல்லை, சீட்டும் பெட்டியும்தான். எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 என இரண்டு கட்டமாக நடந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே நேரத்தில் நான்கு சீட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக்குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். ஒவ்வொன்றும் ஒரு நிறம், தலைவருக்கு இளஞ்சிவப்பு. நான்கு சின்னத்தையும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் மறைப்புக்குள் குழம்பிவிடும். அம்மா தலைவர் சின்னத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போனார், மற்ற மூன்றுக்கும் அங்கே நின்று யோசித்தேன் என்றார்.

முத்திரை இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோட்டில் விழக்கூடாது. குத்தியதும் உடனே மடிக்காதீர்கள். மை ஈரமாக இருக்கும்போது குறுக்கே மடித்தால் மேலே இருக்கும் சின்னத்தின் மை கீழே இருக்கும் சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். முதலில் நீளவாக்கில் மடியுங்கள், மை பட்டாலும் அதே வரிசையில்தான் படும். அதன் பிறகு குறுக்கே மடித்து, நான்கையும் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.